பொரிப்பான் என்னும் பொய்

இலக்கியம் பேசுகிற இடத்தில் ஏர் ஃப்ரையரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கப்போகும் அன்பர்களுக்கு முதலிலேயே ஒரு பதில். நாம் எழுதப்போவது ஒரு சொல்லைப் பற்றி. ஒரு சொல் பொய்யாக இருந்தால் அடுப்பில் இருக்கும் கிழங்கு கருகும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்லில் அக்கறை உள்ளவர்கள் பேசாமல் இதை வேறு யார் பேசுவார்கள்?

நடுத்தர வர்க்கத்து அடுக்களைகளில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் பக்கத்தில் இப்போது இந்தக் கருவியும் இடம் பிடித்திருக்கிறது. கூடவே ஒரு புலம்பலும் வந்து சேர்ந்திருக்கிறது. "வைத்தேன், கருகிவிட்டது" என்பதே அது. மேலே கரி, உள்ளே பச்சை. ஓரமெல்லாம் தீய்ந்து போயிருக்க, நடுப்பகுதி வேகாமல் கிடக்கிறது. இந்தப் புலம்பலுக்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, "உனக்குக் கவனம் போதாது" என்பது. மற்றொன்று, "அந்தக் கருவியே தண்டம், எண்ணெய்ச் சட்டிக்கு ஈடாகுமா?" என்பது. முதல் பதில் அநீதியானது. இரண்டாவது பதில் சோம்பேறித்தனமானது. இரண்டையும் நாம் மறுக்கிறோம். கருகுவதற்குக் காரணம் சமைப்பவரின் கவனக்குறைவு அன்று, கருவியின் இயல்பும் அன்று. கருவிக்கு இட்ட பொய்ப்பெயரும், அந்தப் பெயரை நம்பி எழுதப்படும் சமையற்குறிப்புகளின் பொய்யெண்களுமே காரணம்.

*

பெயரிலிருந்து தொடங்குவோம்.

சமையலுக்கு நம் மொழி வைத்திருக்கும் வினைச்சொற்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அவித்தல், வேகவைத்தல், வதக்கல், வறுத்தல், பொரித்தல், தாளித்தல், வாட்டுதல், சுடுதல். ஒவ்வொரு சொல்லும் வெப்பம் எதன் வழியாக உணவைச் சேர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. அவித்தலில் நீராவி. வறுத்தலில் வெறும் சட்டி அல்லது சிறிது எண்ணெய். சுடுதலில் தணலும் அனலும். வட்டாரத்துக்கு வட்டாரம் இந்த எல்லைகள் சற்று நகரும் என்பது உண்மைதான். வடையை எண்ணெயில் போட்டு எடுத்துவிட்டு "வடை சுட்டேன்" என்று சொல்வோர் உண்டு. ஆயினும் பொரித்தல் என்ற சொல்லுக்குள் ஒரு தெளிவு இருக்கிறது. சூடேறிய எண்ணெயில் அப்பளம் பொரிகிறது. சூடேறிய மணலில் அரிசி பொரிகிறது. எண்ணெயும் மணலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. உணவை நாற்புறமும் ஒட்டி அணைத்து, இடைவெளி விடாமல், எல்லாப் பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் வெப்பத்தைக் கொடுக்கின்றன. இந்த முழுக்குதான் பொரித்தல்.

ஏர் ஃப்ரையருக்குள் முழுக்கு கிடையாது. மேலே ஒரு கம்பிச்சுருள் பழுக்கிறது. அதற்கு மேல் ஒரு விசிறி சுழன்று, சூடான காற்றைக் கூடைக்குள் அடிக்கிறது. அவ்வளவுதான் கருவி. இதன் உண்மையான பெயர் விசிறி வைத்த சிறிய அடுப்பு. இதில் நடப்பது சுடுதல்.

விசிறி வைத்த அடுப்பு புதியதும் அன்று. 1940களின் நடுவில் அமெரிக்கரான வில்லியம் மேக்சன், உறைந்த உணவை விமானத்தில் சூடாக்கித் தருவதற்காக இப்படி ஓர் அடுப்பை உருவாக்கினார். விசிறி சுழன்றதால் வெப்பம் விரைவாகப் பரவியது. பிற்காலத்தில் அடுமனைகளிலும் உணவகங்களிலும் விசிறி அடுப்புகள் பரவின. அங்கெல்லாம் அதை யாரும் பொரிப்பான் என்று அழைக்கவில்லை. 2010ஆம் ஆண்டில், நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய்யின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்டு, ஃபிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் இக்கருவியை அறிமுகம் செய்தது. அடுப்பைச் சிறிதாக்கி, காற்றோட்டத்தை விசையுடையதாக்கி, மேசைமேல் வைத்தது உண்மையிலேயே நல்ல பொறியியல். அதில் நமக்குக் குறையேதும் இல்லை. நம் சண்டை பெயரோடுதான். "சிறிய விசிறி அடுப்பு" என்று விற்றிருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்களோ! "எண்ணெயில்லாமல் பொரிக்கலாம்" என்றதும் உலகமே வாங்கியது. இன்று எல்லா நிறுவனங்களும் அதே பெயரில்தான் விற்கின்றன.

பெயரில் என்ன இருக்கிறது, விற்பனைத் தந்திரம்தானே என்று விட்டுவிடலாமா? விட முடியாது. ஏனென்றால் சமைப்பவர் பெயரை நம்பித்தான் கையை அசைக்கிறார். பொரிப்பான் என்று கேட்டதும் அவருடைய கை, பல ஆண்டுகளாக எண்ணெய்ச் சட்டியில் பழகிய வழக்கத்தை அப்படியே செய்கிறது. கிழங்கைக் குவியலாகக் கொட்டுகிறது. மசாலாவை முதலிலேயே பூசுகிறது. வெப்பத்தை உச்சத்தில் வைக்கிறது. எண்ணெயில் இந்த மூன்றுக்கும் ஓரளவு மன்னிப்பு உண்டு. காற்றில் மன்னிப்பு இல்லை.

*

ஏன் இல்லை என்பதைச் சற்றே விரிவாகப் பார்ப்போம். இது தெரிந்துவிட்டால் கருகாமல் சமைப்பதற்கான பாதி வழி தெரிந்துவிடும்.

எண்ணெய் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் விழுந்த வாழைக்காய்த் துண்டின் எல்லாப் பக்கமும் உடனே கொதிக்கத் தொடங்குகிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ்களாக வெளியேறுகிறது. நீர் வெளியேறிக்கொண்டிருக்கும் வரை மேற்புறத்தின் சூடு 100 டிகிரிக்கு அருகிலேயே தடுத்து நிறுத்தப்படும். நீர் வற்றிய பிறகே சிவக்கும். எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே வேளையில் வற்றுவதால், எல்லாப் பக்கமும் சேர்ந்தே சிவக்கும்.

காற்றில் நடப்பது வேறு. மேலிருந்து வரும் காற்று முதலில் மேற்பக்கத்தையும் துருத்தி நிற்கும் ஓரங்களையும் உலர்த்துகிறது. பழுத்த கம்பிச்சுருளின் நேரடி அனலும் மேற்பக்கத்தையே தாக்குகிறது. மெல்லிய நுனி இரண்டே நிமிடத்தில் வற்றிவிடும். வற்றிய இடத்துக்கு 100 டிகிரித் தடை நீங்கிவிடும். பிறகு அந்த நுனி நேராகக் கரியை நோக்கிப் போகிறது. அதே நேரத்தில் குவியலின் நடுவில் இருக்கும் துண்டு, தன் ஆவியிலேயே வெந்துகொண்டிருக்கும். ஆக ஒரே கூடையில் ஒரு பகுதி அவிகிறது, மற்றொரு பகுதி தீய்கிறது. இது இயற்பியல். இதற்குக் கவனக்குறைவு என்று பெயர் சூட்டுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இதிலிருந்து கிடைக்கும் வழிமுறைகள் எளியவை. துண்டுகளை ஒரே அளவாக நறுக்க வேண்டும். மெல்லிய துண்டும் தடித்த துண்டும் கலந்திருந்தால் மெல்லியது கரியாகும் என்பது உறுதி. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். கூடை நிறைந்துவிட்டால் இரண்டு ஈடாகப் போடுவதே முறை. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கையால் பிசறி எல்லாத் துண்டுகளிலும் மெலிதாகப் படியச் செய்ய வேண்டும். எண்ணெயே வேண்டாம் என்ற பிடிவாதம்தான் பல வீடுகளில் கிழங்கைச் சருகாக்குகிறது. எண்ணெய்ப் படலம் இருந்தால் வெப்பம் மேற்பரப்பில் சீராகப் பரவும். அது இல்லாத இடத்தில் திட்டுத் திட்டாகக் கருகும். சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு போன்றவற்றை முக்கால் பதத்துக்கு வேகவைத்துவிட்டு உள்ளே வைத்தால், உள்ளே வேகுமா என்ற கவலையே இல்லை. காற்றுக்கு மிஞ்சிய வேலை மேலே மொறுமொறுப்பாக்குவது மட்டும்தான். அதை அது நன்றாகவே செய்யும்.

மசாலா விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மிக நுண்ணிய துகள்கள். அரைத்த பூண்டோ சீக்கிரம் சிவந்து கசப்பேறும் பண்டம். இவை நேரடி அனலில் கிழங்கைவிட மிக முன்னதாகவே கருகும். எனவே பாதி வெந்த பிறகே மசாலாவைப் பிசற வேண்டும், அல்லது மாவோடும் எண்ணெயோடும் குழைத்துப் பூச வேண்டும். தேன், வெல்லம், சர்க்கரை சேர்ந்த பூச்சு எதுவாயினும் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களுக்கு உரியது. சர்க்கரை சுமார் 160 டிகிரியில் சிவக்கத் தலைப்படும். தேனில் மிகுந்திருக்கும் பழச்சர்க்கரையோ 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கும். 180 டிகிரியில் தேன் பூசிய கோழித்துண்டை இருபது நிமிடம் வைக்கச் சொல்லும் குறிப்பு, கரிக்கட்டைக்கான குறிப்பே.

கனமில்லாத பொருள்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. கறிவேப்பிலை, அப்பளம், ரொட்டித்துண்டு முதலியவற்றைக் காற்று தூக்கிக்கொண்டுபோய்ச் சுருளின்மேல் ஒட்டவைத்துவிடும். எரிவாடையும் புகையும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மேலே ஒரு கம்பித்தட்டைக் கவிழ்த்து வைத்தால் போதும். அடியில் விரிக்கும் தாளை உணவு வைக்காமல் வெறுமனே உள்ளே விட்டுச் சூடேற்றுவதும் இதே காரணத்தால் கூடாது. முந்தைய நாளின் எண்ணெய்ப் பிசுக்கும் உதிர்ந்த துகள்களும் அடியில் கிடந்தால், இன்றைய உணவு கருகாவிட்டாலும் கருகல் வாடையை வாங்கிக்கொள்ளும். கூடையை ஒவ்வொரு முறையும் கழுவத்தான் வேண்டும்.

உளுந்து வடைக்கும் பஜ்ஜிக்கும் இங்கே இடமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர்த்த மாவை எண்ணெய் தொட்ட கணத்திலேயே இறுக்கி உருவம் கொடுத்துவிடும். காற்றுக்கு அந்த வலு இல்லை. மாவு கூடையின் துளைகள் வழியே ஒழுகும், ஒழுகியது அடியில் தீயும். தட்டில் தட்டி வைத்துச் சுட்டாலும் கிடைப்பது வேறொரு பண்டம். அதுவும் சுவையாக இருக்கலாம். அதை வடை என்று விற்பதுதான் தவறு.

"பொரிப்பான் இல்லையென்றால், கடையில் வாங்கும் உறைந்த உருளைக்கிழங்குக் குச்சிகள் மட்டும் எப்படி அருமையாக வருகின்றன?" என்று ஒரு கேள்வி எழலாம். நல்ல கேள்வி. அந்தக் குச்சிகள் தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரிக்கப்பட்டு, பிறகு உறையவைக்கப்பட்டவை. பொரிக்கும் வேலை எங்கோ முடிந்துவிட்டது. வீட்டில் நடப்பது மறுசூடு மட்டுமே. பெருமையை மட்டும் கருவி எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெருமையை நம்பித் தோட்டத்து வாழைக்காயை நறுக்கிப் போடுபவர் ஏமாறுகிறார்.

*

இனி எண்களுக்கு வருவோம். "200 டிகிரி, 20 நிமிடம்." சமையற்குறிப்பு எழுதுவோருக்கு இது ஏறக்குறைய மந்திரமாகிவிட்டது. மந்திரத்துக்கு விளக்கம் கேட்கக்கூடாது என்பதுபோல், எந்தக் கருவி, எத்தனை லிட்டர், எத்தனை வாட், எவ்வளவு கிழங்கு என்று எவரும் எழுதுவதில்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். வீட்டு உபயோகத்துக்கான பெரிய அடுப்பு ஒன்று 60 லிட்டர் கொள்ளளவும் 2400 வாட் ஆற்றலும் உடையது என்று கொள்வோம். லிட்டருக்கு 40 வாட் ஆகிறது. 4 லிட்டர்க் கூடையும் 1400 வாட் ஆற்றலும் உள்ள ஏர் ஃப்ரையரில் லிட்டருக்கு 350 வாட். ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இத்தனை ஆற்றலை இத்தனை சிறிய கூண்டுக்குள் அடைத்திருக்கும்போது, பெரிய அடுப்புக்கென்று எழுதிய குறிப்பை அப்படியே பின்பற்றினால் கருகாமல் என்ன செய்யும்? பெரிய அடுப்பின் குறிப்பிலிருந்து வெப்பத்தில் 20 டிகிரியும், நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கும் குறைத்துத் தொடங்குவது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் கணக்கு. 200 டிகிரி என்றிருந்தால் 180. இருபது நிமிடம் என்றிருந்தால் பதினாறு. அதுவும் தொடக்கக் கணக்குத்தான்.

எண்ணின் பிறந்தகமும் முக்கியம். அமெரிக்கக் குறிப்புகள் ஃபாரன்ஹீட்டில் எழுதப்படுகின்றன. அங்கே 350 என்பது இங்கே 177. அங்கே 400 என்பது இங்கே 204. பல கருவிகளின் உச்சமே 200 டிகிரி செல்சியஸ்தான். 400 என்ற எண்ணைக் கண்டு திருகியை இறுதிவரை திருப்பிவிடுபவர், அங்கே பெரிய உருளைக்கிழங்குக்குச் சொன்ன உச்சவெப்பத்தை இங்கே மெல்லிய பாகற்காய் வளையத்துக்குக் கொடுக்கிறார். மொழிபெயர்ப்பில் சூழலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பெயர்த்தால் என்ன ஆகும் என்பது இலக்கிய வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்னொரு கண்ணி இரண்டாம் ஈட்டில் இருக்கிறது. முதல் ஈடு உள்ளே போகும்போது கருவி குளிர்ந்திருந்தது. சூடேறவே இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும். இரண்டாம் ஈட்டுக்குக் கருவி ஏற்கெனவே சூடாக இருக்கிறது. அதே பன்னிரண்டு நிமிடத்தை வைத்தால் முதல் ஈடு பொன்னாகவும் இரண்டாம் ஈடு கரியாகவும் வரும். "முதலில் நன்றாக வந்ததே, இப்போது ஏன் இப்படி?" என்று பழி உடனே சமைப்பவர்மேல் விழும். இரண்டாம் ஈட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் குறைக்க வேண்டும் என்று எத்தனை குறிப்புகள் சொல்கின்றன? மணி அடித்த பிறகும் உணவை உள்ளேயே விட்டுவிட்டால், மிச்சச் சூட்டில் அது மேலும் உலரும் என்பதை எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

கருவியின் முகப்பில் கோழி, மீன், கேக் என்று பொம்மை போட்ட பொத்தான்களும் உண்டு. மீன் பொத்தானுக்கு எந்த மீன் தெரியும்? நெத்திலியும் வஞ்சிரத் துண்டும் அதற்கு ஒன்றுதான். பொத்தான் செய்வதெல்லாம் முன்பே குறித்துவைத்த ஒரு வெப்பத்தையும் நேரத்தையும் தொடங்கிவைப்பது மட்டுமே. அது உணவைப் பார்ப்பதில்லை.

*

நம் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. உணவைப் பார்ப்பது யார்?

எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்பவருக்கு மூன்று துணைகள் உண்டு. கண் நிறத்தைப் பார்க்கிறது. காது சலசலப்பைக் கேட்கிறது. சத்தம் அடங்கினால் நீர் வற்றிவிட்டது, எடுக்கலாம் என்று பொருள். மூக்கு மணம் மாறுவதை உணர்கிறது. பதம் என்று நாம் சொல்வது இந்த மூன்றும் கூடிச் சொல்லும் தீர்ப்பு. ஏர் ஃப்ரையர்கள் பலவற்றில் இந்த மூன்றும் அடைபட்டுப்போகின்றன. இழுப்பறை மூடியிருக்கிறது, கண்ணுக்கு வழியில்லை. விசிறியின் இரைச்சலில் காதுக்கு வேலையில்லை. வாடையைப் பின்புறத் துளை வெளியேற்றுகிறது. அது மூக்குக்கு எட்டும்போது காரியம் கெட்டிருக்கும்.

சமைப்பவரின் கண்ணைக் கட்டி, காதை அடைத்துவிட்டு, கையில் ஓர் எண்ணைக் கொடுத்து, "இதை நம்பு, நீ போய் வேறு வேலையைப் பார்" என்கிறது விளம்பரம். அவரும் போகிறார். போகத்தானே அதை வாங்கினார்? அலுவலகத்திலிருந்து ஆறரை மணிக்கு வந்து, குழந்தையின் வீட்டுப்பாடத்தையும் இரவுச் சமையலையும் ஒருசேரச் சமாளிக்க வேண்டிய பெண்ணுக்கு, "வைத்துவிட்டு மறந்துவிடு" என்பதைவிட இனிய வாக்குறுதி வேறென்ன இருக்க முடியும்? கருகியதும் அதே பெண்ணைப் பார்த்து, "வைத்துவிட்டு மறந்துவிட்டாயா?" என்று வீடு கேட்கிறது. மறக்கச் சொல்லி விற்ற பொருளுக்காக, மறந்தவரைக் குற்றம் சொல்வது என்ன நீதி?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கருகிய துண்டுகள் குப்பைக்குப் போவதில்லை. அடிப்பிடித்த சோற்றுக்கும் தீய்ந்த தோசைக்கும் நம் வீடுகளில் யார் உரியவரோ, அவரே இந்தக் கரிக்கும் உரியவராகிறார். நல்ல துண்டுகளைப் பரிமாறிவிட்டு, தீய்ந்தவற்றைத் தன் தட்டில் ஒதுக்கிக்கொள்ளும் பழக்கத்தை எந்தக் கருவியும் இதுவரை ஒழிக்கவில்லை. ஆகவே கருகாமல் சமைப்பது எப்படி என்ற கேள்வியை வெறும் சமையல் யுக்தி என்று ஒதுக்கிவிட முடியாது. தீய்ந்ததை யார் தின்கிறார் என்ற கேள்வியும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

*

தீய்ந்ததைத் தின்றால்தான் என்ன, எண்ணெய் குறைந்தது ஆரோக்கியமல்லவா என்பார்கள். எண்ணெய் குறைவது நல்லதே. அந்த நன்மையைக் கரி கெடுத்துவிடக் கூடாது என்பதே நம் கவலை.

மாவுப்பொருள்களை 120 டிகிரிக்கு மேல் ஈரமில்லாமல் சூடாக்கும்போது, அவற்றிலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து அக்ரிலமைடு உண்டாகிறது. உணவில் இது இருப்பதை 2002ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உணவுத் துறையும் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 1994இல், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வேதிப்பொருளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுபவற்றின் பட்டியலில் சேர்த்திருந்தது. அந்த முடிவு பெரும்பாலும் விலங்குகளில் நடந்த சோதனைகளை ஆதாரமாகக் கொண்டது. உணவின் வழி உட்கொள்ளும் மனிதரிடையே நடந்த ஆய்வுகள் ஒரேமாதிரியான முடிவைத் தரவில்லை. எனவே ஒரு கருகிய துண்டைக் கண்டு அலற வேண்டியதில்லை. ஆனால் தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இயற்றிய விதிகள், உருளைக்கிழங்குக் குச்சிகளை எண்ணெயில் பொரிக்கும்போது 175 டிகிரிக்குக் கீழேயே வைத்திருக்குமாறு உணவு நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. அதே ஆண்டில் பிரிட்டனின் உணவுத் தர முகமை, கிழங்கையும் ரொட்டியையும் பொன்னிறத்துக்கு மேல் சிவக்கவிடாதீர்கள் என்று பொதுமக்களுக்குப் பரப்புரை செய்தது.

பொன்னிறம்! தமிழ்ச் சமையற்குறிப்புகளின் மிகப் பழகிய சொல் அல்லவா அது? "பொன்னிறமாக வரும்வரை" என்று எழுதிய கைகள், நிமிடத்தைச் சொல்லாமல் நிறத்தைச் சொன்னது அறியாமையால் அன்று. அடுப்பு வீட்டுக்கு வீடு வேறு, கிழங்கு பருவத்துக்குப் பருவம் வேறு, நிறம் ஒன்றே பொது என்ற தெளிவினால்தான். அந்தத் தெளிவை விட்டுவிட்டு "20 நிமிடம்" என்ற எண்ணை நாம் வாங்கிக்கொண்டோம். பண்டமாற்றில் இவ்வளவு நட்டம் நாம் அண்மையில் கண்டதில்லை.

உருளைக்கிழங்குக்கு மட்டும் ஒரு தனிக்குறிப்பு. நெடுநாள் குளிரில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். அது மற்றதைவிட விரைவாகக் கறுக்கும். நறுக்கிய துண்டுகளை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நன்கு துடைத்துப் பயன்படுத்தினால் மேலுள்ள சர்க்கரை ஓரளவு கரைந்து போகும். கறுப்பதும் குறையும், அக்ரிலமைடும் குறையும்.

*

"இத்தனை பாடு எதற்கு? பாட்டியின் இரும்புச் சட்டிக்கே திரும்பிவிடலாமே" என்னும் பழம்பெருமைக்காரர்களுக்கும் ஒரு சொல். இரும்புச் சட்டியில் பாட்டி ஒருபோதும் கருக்கியதில்லை என்பது பேரப்பிள்ளைகளின் கற்பனை. அடிப்பிடித்தல், காந்தல், தீய்தல் என்று தமிழில் இத்தனை சொற்கள் ஏர் ஃப்ரையர் வருவதற்கு முன்பே எப்படி வந்தன? பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுபடியும் மறுபடியும் சூடாக்கிய வழக்கத்தையும் மறந்துவிட வேண்டாம். அப்படிப் பலமுறை சூடேறிய எண்ணெயில் சேரும் சிதைபொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2018 ஜூலை முதல் வரம்பு கட்டவேண்டி வந்தது. கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் கோடையில் ஒரு மணி நேரம் நின்று வியர்த்தவர்களிடம் போய் எண்ணெய்ச் சட்டியின் மகிமையைப் பாடுவதும் அழகன்று. கருவி வந்தது நல்லதே. வியர்வையைக் குறைத்தது, தெறிக்கும் எண்ணெயிடமிருந்து கையைக் காத்தது. அதைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. பெயரைத் திருத்துங்கள், பழக்கம் தானே திருந்தும் என்கிறோம்.

*

ஆகவே நம் கோரிக்கைகளைத் தொகுத்துச் சொல்லிவிடுகிறோம்.

செய்பவர்களுக்கு: இழுப்பறையில் கண்ணாடி வையுங்கள், உள்ளே விளக்கு வையுங்கள். சில கருவிகளில் இவை ஏற்கெனவே வந்துவிட்டன, ஆகவே முடியாத காரியம் அன்று. எல்லாவற்றிலும் வர வேண்டும். பார்க்க முடியாத அடுப்பை ஒருவர் தலையில் கட்டிவிட்டுக் கையேட்டில் "கவனமாகச் சமைக்கவும்" என்று அச்சிடுவது கேலிக்கூத்து.

குறிப்பு எழுதுபவர்களுக்கு: எண்ணை எழுதும்போது கருவியின் கொள்ளளவையும் வாட் அளவையும் உணவின் எடையையும் சேர்த்தெழுதுங்கள். துண்டின் தடிமனைச் சொல்லுங்கள். எந்த நிமிடத்தில் திறந்து பார்க்க வேண்டும், எப்போது புரட்ட வேண்டும், இரண்டாம் ஈட்டுக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நிறத்தைச் சொல்லுங்கள். உங்கள் குறிப்பைப் பார்த்துச் சமைத்தவர் வீட்டில் வசை வாங்கினால், அதில் உங்களுக்கும் பங்குண்டு.

சமைப்பவர்களுக்கு: திறந்து பார்ப்பது தவறு என்று யாரேனும் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். இழுப்பறையைத் திறந்தால் கருவி தானாக நிற்கும், மூடினால் மீண்டும் ஓடும். இழக்கும் சூடு சில நொடிகளில் திரும்பிவிடும். 160 அல்லது 170 டிகிரியில் தொடங்குங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை திறந்து குலுக்குங்கள். முக்கால் நேரத்துக்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். நிறம் போதவில்லை என்றால் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் வெப்பத்தை ஏற்றுங்கள். கூடுதல் வெப்பத்தை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கருகியதைத் திரும்பப் பெற வழியில்லை. உங்கள் கருவிக்கு எது சரியாக வந்ததோ, அதைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நான்கு வாரத்தில், எந்தக் குறிப்பையும்விட அந்த நோட்டு உங்கள் அடுப்படிக்கு நம்பகமானதாக இருக்கும்.

உண்பவர்களுக்கு: மறுநாள் அந்தக் கூடையின் முன்னால் நீங்களும் நில்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் நான்கு முறை திறந்து பார்ப்பது ஒருவர் மட்டுமே செய்தாக வேண்டிய வேலை என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை. தீய்ந்த துண்டு இருந்தால் அது எல்லாத் தட்டுக்கும் சமமாகப் போகட்டும், அல்லது குப்பைக்குப் போகட்டும்.

கடைசியாக, மொழியில் அக்கறை உள்ள நண்பர்களுக்கு: "காற்றுப் பொரிப்பான்" என்ற மொழிபெயர்ப்பு ஆங்கேயிங்கே தென்படத் தொடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தின் பொய்யைத் தமிழில் ஏன் நாம் மறுபடி சொல்ல வேண்டும்? அனற்காற்று அடுப்பு என்று சொல்லிப் பாருங்கள். அடுப்பு என்று சொன்ன மாத்திரத்தில், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்பது விளங்கிவிடுகிறது. அடுப்பில் ஏற்றியதை மறந்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். மறுப்பை எழுதுவதற்கு முன் கால் கிலோ சேப்பங்கிழங்கை முக்கால் பதத்துக்கு வேகவைத்து, தோலுரித்து, அரிசிமாவும் எண்ணெயும் பிசறி, ஒரே அடுக்காகப் பரப்பி, 170 டிகிரியில் வைத்து, ஆறாவது நிமிடத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.